பாய்லர்க்காரர் வீட்டுப் பால்

விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. கட்டில் மேல் போட்டு எப்படியோ சுருட்டி, அலமாரிக்குள் திணித்துவிட்டு, மடித்தேன் என்று சொல்லிக்கொள்பவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. சலவைக்கூடத்து மடிப்பு வேறு. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வந்து, வெந்நீரில் அலசப்பட்டு, சூட்டு உருளையில் தேய்க்கப்பட்டு வெளியே விழும் விரிப்பை இரண்டு பெண்கள் ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்துக்கொண்டு, பின்னால் சாய்ந்து ஒரு வெட்டு வெட்டி இழுக்க வேண்டும். 'பட்'டென்று சத்தம் வரவேண்டும். அந்த இழுப்பில்தான் ஓரம் நேராகும். பிறகு எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்த்து, ஒருத்தி கையில் கொடுத்துவிட்டு மற்றவள் குனிந்து மடிப்பைப் பிடிப்பாள். நாள் முழுக்க இதுதான். தள்ளி நின்று பார்க்கிறவர்களுக்கு ஏதோ விளையாடுகிறார்கள் என்று தோன்றும். செய்து பார்த்தால் தெரியும் சேதி.

அந்தக் கூடத்தில் இப்படி ஜோடி சேர்ந்து மடிப்பதில் அண்ணியையும் அவள் நாத்தனாரையும் அடித்துக்கொள்ள ஆளில்லை. அண்ணி என்பது பாய்லர்க்காரரின் மனைவி. அவளைவிடப் பெரியவர்கள்கூட அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள், மேற்பார்வையாளரும் அப்படித்தான். நாத்தனார், பாய்லர்க்காரரின் தங்கை. அவளுக்கு ரயிலு என்று பெயர் வைத்திருந்தார்கள். பேச ஆரம்பித்தால் பெரிய ஸ்டேஷன் வந்தால்தான் நிற்பாள்.

அன்றைக்கு விடாத மழை. மழை நாளில் விரிப்பு முழுசாகக் காயாது, கனக்கும். ரயிலு வழக்கம்போல எதையோ சொல்லிக்கொண்டே இழுத்தாள். அண்ணி ஒரு எட்டு முன்னால் தடுமாறினாள். மணிக்கட்டு மேசை விளிம்பில் இடித்தது. பெரிய இடியெல்லாம் இல்லை. கூடத்தில் தினமும் நாலு பேர் இடித்துக்கொண்டு, தேய்த்துவிட்டு, வேலையைப் பார்ப்பார்கள்.

"ஐயோ" என்றாள் அண்ணி. விரிப்பு தரையில் விழுந்தது.

"என்ன அண்ணி, அதுக்குள்ள டீ நேரமா?" என்றாள் ரயிலு.

அண்ணி இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மணிக்கட்டு இருக்க வேண்டிய மாதிரி இல்லை. ரயிலு அப்போதுதான் வாயை மூடினாள்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா சின்ன வயதுக்காரி. படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "மாடிப்படியில விழுந்தீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லைங்க. மேசையில இடிச்சுக்கிட்டேன்."

"மேசையிலயா?" டாக்டரம்மா படத்தை இன்னொரு தரம் பார்த்தாள். "பால் குடிப்பீங்களா?"

"இல்லைங்க."

"தயிரு?"

"இல்லைங்க."

"கீரை, எள்ளு, முள்ளோட சாப்பிடற சின்ன மீனு, ஏதாவது?"

அண்ணி பக்கத்தில் நின்ற புருஷனைப் பார்த்தாள். "எங்க வீட்ல அதெல்லாம் ஆகாதுங்க."

"யாருக்கு ஆகாது?"

"இவருக்குங்க."

"உடைஞ்சது உங்க கைதானேம்மா?"

பாய்லர்க்காரருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். "எனக்கு முன்னாடி கல்லு வந்துச்சுங்க. சிறுநீர்ல. சுண்ணாம்புக் கல்லுன்னு சொன்னாங்க. அதனால சுண்ணாம்புச் சத்து இருக்கற எதையும் வீட்டுக்குள்ள விடறதில்ல."

"விடாதீங்கன்னு எந்த டாக்டர் சொன்னாரு?"

"அவரு சுண்ணாம்புன்னு சொன்னாருங்க. மிச்சத்த நாமதான் புரிஞ்சுக்கணும்."

டாக்டரம்மா பொறுமைசாலி. சாப்பாட்டில் இருக்கும் கால்சியம் நேரே போய்க் கல்லாகாது, அதை அடியோடு நிறுத்தினால் சில பேருக்குக் கல் கூடத்தான் செய்யும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னாள். அண்ணியிடம், மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு சீக்கிரம் மெலியும், உங்கள் எலும்பு ரொம்பவே மெலிந்திருக்கிற மாதிரி தெரிகிறது, கட்டு பிரித்ததும் அதற்கென்று இருக்கும் பரிசோதனையைச் செய்துவிடலாம், அதுவரை கீழே மட்டும் விழுந்துவிடாதீர்கள், சாப்பாட்டை மாற்றுங்கள், வெயில் படும்படி நடங்கள் என்றாள். பாய்லர்க்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மேற்பார்வையாளர் ஏதாவது சொன்னாலும் அவர் இப்படித்தான் தலையாட்டுவார். தலையாட்டிவிட்டு உள்ளே போய்த் தன் இஷ்டப்படி செய்வார்.

வெளியே வந்ததும், "நல்ல பொண்ணுதான். ஆனா அதுக்கு பாய்லரப் பத்தி என்ன தெரியும்?" என்றார்.

அவருடைய தொழிலைச் சொல்லாமல் அவருடைய பிடிவாதத்தைச் சொல்ல முடியாது. சலவைக்கூடத்துக்கு வேண்டிய வெந்நீரும் நீராவியும் அவர் கையிலிருந்துதான் வரவேண்டும். அந்த ஊர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர். காய்ச்சக் காய்ச்சக் குழாய்க்குள் வெள்ளையாகப் படியும். விட்டால் கையகலக் குழாய் விரல் நுழையாத அளவுக்கு அடைத்துக்கொள்ளும். அடைத்த குழாய் வெடித்தால் ஆள் காலி. அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவருடைய முகத்தில் பாதி அப்படித்தான் வெந்துபோயிருந்தது. ஆக, படிவைச் சுரண்டுவதும், ஆசிட் ஊற்றிக் கழுவுவதும், தட்டித் தட்டிச் சத்தம் கேட்பதுமாகத்தான் அவர் காலம் போனது.

கல் வந்த அன்று அவர் பாய்லர் அறைத் தரையில் புரண்டு கத்தியதைக் கூடமே கேட்டது. பிறகு ஒருநாள் கல் வெளியே வந்தது. அதைக் கழுவிக் காயவைத்து, குழாயிலிருந்து சுரண்டிய ஒரு சில்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே நிறம், அதே சொரசொரப்பு. தீர்ந்தது விஷயம். குழாயில் படிகிறது உடம்பில் படியாதா? இரண்டையும் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு அலமாரியில் வைத்தார். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காபி கிடைக்கிறதோ இல்லையோ, அந்தக் குப்பி கையில் கிடைக்கும்.

அவர் கண்டிஷன் போட்டார், அண்ணி பணிந்து போனாள் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. பால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிப் பரண்மேல் போட்டது அவள்தான். அவர் கத்தியதைக் கேட்ட காது அவளுடையது. வேளைக்கு ஒரு சட்டியில் சமைத்து இருவரும் உட்கார்ந்து சாப்பிடுகிற வீடு. அவருக்கு ஆகாதது தனக்கு எதற்கு என்று விட்டுவிட்டாள். கூடத்தில் மத்தியானம் ரயிலு தயிரைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டே, "உங்க வீட்டுச் சட்டம் இங்க செல்லாது அண்ணி, ஒரு கரண்டி போட்டுக்கோங்க" என்பாள். அண்ணி சிரித்துக்கொண்டே பாலில்லாத டீயைக் குடிப்பாள்.

இதில் வேடிக்கை, கல்லுக்கு நிஜமாக ஆகாததை அவர் விடவேயில்லை. உப்பு இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. வேர்த்துப் போகிற உப்பைத் திரும்பப் போட வேண்டாமா என்பார். தண்ணீரோ குடிக்கவே மாட்டார். குடித்தால் வெளியே போக வேண்டும். கழிப்பறை கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தது. பாய்லர் எரியும்போது அழுத்தமானியை விட்டு நகரக்கூடாது. அனல் அடிக்கிற அறையில் நாள் முழுக்க நாக்கை மட்டும் நனைத்துக்கொண்டு நிற்பார்.

கை கட்டோடு அண்ணி வீட்டில் உட்கார்ந்த பிறகு சமையல் அவர் தலையில் விழுந்தது. சோற்றைக் குழைத்தார், பருப்பைத் தீய்த்தார், உப்பை மட்டும் மறக்காமல் இரண்டு தரம் போட்டார். அண்ணி குறை சொல்லாமல் இடது கையால் அள்ளிச் சாப்பிட்டாள். அவளுக்குக் கவலை சாப்பாட்டில் இல்லை. குளியலறைக்குப் போகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தரை ஈரமாக இருந்தால் வாசலிலேயே நின்றுவிட்டாள். நேற்றுவரை ஈர மூட்டையைத் தோளில் தூக்கிப் போட்டவள், இன்றைக்குத் தும்மினால்கூட விலா எலும்பு என்னாகுமோ என்று பயந்தாள். இனிமேல் விரிப்பு மடிக்க முடியாமல் போய்விடுமோ என்ற நினைப்பு வேறு. வேலை போனால் இன்னொரு வேலை கிடைக்கும். ஆனால் அந்த 'பட்' சத்தம் அவளுக்குப் பிடிக்கும். தன் கையிலிருந்து அது இனி வராது என்று நினைக்க அழுகை வந்தது.

ரயிலு வரவேயில்லை. நாத்தனார் இழுத்த இழுப்பில் அண்ணி கை போய்விட்டது என்று யாரோ கூடத்தில் சொல்ல, அது காது மூக்கு வைத்துச் சுற்றியது. கூடத்திலிருந்து வேறு இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். ஒருத்தி உருளையில் விரிப்பை விடுகிறவள், இன்னொருத்தி கறை எடுக்கிறவள்.

"டாக்டரு பால் குடிக்கச் சொன்னாங்களாமே?" என்றாள் உருளைக்காரி. "இந்த வயசுல குடிச்சு எங்க போய்ச் சேரும்? அதெல்லாம் வளர்ற புள்ளைங்களுக்கு."

"பால் சளிடீ. நான் தொடறதே இல்ல" என்றாள் கறைக்காரி.

"வேலை செஞ்சாலே எலும்பு கெட்டியாயிடும்னு எங்க வீட்டுக்காரர் சொல்வாரு."

"அண்ணி செய்யாத வேலையா? அப்ப இவங்க எலும்பு இரும்பால்ல இருக்கணும்?"

உருளைக்காரி கொஞ்சம் யோசித்தாள். "மாத்திரை இருக்கு. ஆனா அது சூடு. எங்க சம்பந்தியம்மா வாங்கி வெச்சு அலமாரியில அழகு பாக்கறாங்க."

"முட்டை ஓட்டப் பொடி பண்ணிச் சாப்பிடலாமாம்."

"ஏன், சுவத்தச் சுரண்டித் தின்னுடேன். அதுலயும் சுண்ணாம்புதான்."

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரிக்கும்போது அண்ணி கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "சரி, நீங்க ரெண்டு பேரும் என்னதான் சாப்பிடறீங்க?" என்று கேட்டாள்.

"எங்கே சாப்பிடறது? காலையில ஒரு டீ, மத்தியானம் கெடைக்கறது, ராத்திரி மிஞ்சினது."

சிரிப்பு அடங்கிவிட்டது. கறைக்காரி தன் மணிக்கட்டை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அவர் வந்து சட்டையைக் கழற்றும் முன்பே அண்ணி கேட்டாள்.

"ஏங்க, நாளைக்குக் கொஞ்சம் தயிர் வாங்கிட்டு வாங்களேன்."

அவர் கை பொத்தானிலேயே நின்றது. "உனக்குமா கல்லு வரணும்?"

"வந்தா எனக்குத்தானே வரப்போவுது."

"எனக்குத்தானே, எனக்குத்தானேங்காத. அன்னிக்கு நான் கத்தினதக் கேட்டல்ல? அந்த மாதிரி நீ கத்தி, நான் பக்கத்துல நின்னு கேக்கணுமா? என்னால ஆகாதும்மா. கை உடைஞ்சா கட்டுப் போட்டுக்கலாம். அது வந்தா மனுஷன் மனுஷனா இருக்க மாட்டான்."

சண்டை போடுகிறவரோடு சண்டை போடலாம். பயப்படுகிறவரோடு என்ன செய்வது? "சரி, கை கழுவிட்டு வாங்க" என்றாள்.

அதற்கப்புறம் ஒரு நாள் அவர் சாப்பாட்டு டப்பாவை அடுப்பு மேடையிலேயே மறந்துவிட்டுப் போனார். குழைந்த சோறுதான், ஆனாலும் பசியோடு நிற்பாரே என்று அண்ணி அதை ஒரு பையில் போட்டு இடது தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ரோட்டோரமாகவே, குழி பார்த்து, நிதானமாக நடந்தாள். நல்ல வெயில். மழைக்காலம் முடிந்துவிட்டது என்பதே அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

கூடத்தின் முன்பக்கம் போனால் எல்லோரும் சூழ்ந்துகொள்வார்கள் என்று பின்வழியாக பாய்லர் அறைக்குப் போனாள். அன்றைக்கு பாய்லரை அணைத்துப் போட்டிருந்தார்கள். குழாய் கழுவுகிற நாள். புதிதாக வந்த ஃபிட்டர் ஒருவன் ஆசிட் கேனைச் சாய்த்துக்கொண்டிருந்தான். மீசை நரைத்த ஆள், ஆனால் அவசரக்காரன். பாய்லர்க்காரர் அவனைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார்.

"போதும்யா, நிறுத்து! கொட்டிக்கிட்டே இருக்கே?"

"சுத்தமா எடுத்துடலாம் அண்ணே. உள்ள பளபளன்னு ஆயிடும்."

"பளபளன்னு ஆக்கிட்டு அப்புறம் யார் பதில் சொல்றது? இங்க வா. இதப் பாரு." மூலையில் கிடந்த பழைய குழாய்த் துண்டு ஒன்றைத் தூக்கினார். "போன தடவை ஒருத்தன் இப்படித்தான் பளபளன்னு எடுத்துட்டுப் போனான். என்ன ஆச்சு பாத்தியா? தண்ணி இரும்பையே தின்னுடுச்சு. மெலிஞ்சு போச்சு. விரலால அழுத்து."

ஃபிட்டர் கட்டைவிரலால் அழுத்தினான். குழாய் உள்ளே அமுங்கியது.

"வெளியிலருந்து பாத்தா முழுசா இருக்கே அண்ணே!"

"முழுசாத்தான்யா இருக்கும், உடையற வரைக்கும். அடைக்கறத எடு, வேணாம்ங்கல. ஆனா மெல்லிசா ஒரு படிவு இருக்கணும். அதுதான் குழாய்க்குச் சட்டை. அதையும் கழட்டிட்டா குழாய் என்னத்துக்கு ஆகும்?"

"குடுங்க அத" என்றது ஒரு குரல்.

இருவரும் திரும்பினார்கள். அண்ணி வாசலில் நின்றிருந்தாள். டப்பாவை இறக்கி வைத்துவிட்டு, இடது கையால் அந்தக் குழாய்த் துண்டை வாங்கினாள். அமுங்கின இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"நானும் வெளியில முழுசாத்தான் இருந்தேன்" என்றாள்.

"நீ எதுக்கு இவ்வளவு தூரம் நடந்து வந்தே?"

"பேச்ச மாத்தாதீங்க. இரும்புக்கே ஒரு சட்டை வேணும்னு இவ்வளவு அக்கறையாச் சொல்றீங்க. எனக்கு மட்டும் ஏங்க கழட்டிப் போட்டீங்க?" கேட்டுவிட்டு அவளே திருத்திக்கொண்டாள். "சரி, நாந்தான் கழட்டினேன். நானும் சேந்துதான் பண்ணினேன். ஆனா இப்ப பயமா இருக்குங்க. குளிக்கப் போக பயமா இருக்கு. படி எறங்க பயமா இருக்கு. நீங்க பயந்தது ஒரு நாள் வலிக்கு. நான் தினம் பயந்துக்கிட்டு இருக்கேன்."

ஃபிட்டர் ஆசிட் கேனை மூடிவிட்டு மெல்ல வெளியே நழுவினான். பாய்லர்க்காரர் அழுத்தமானியைப் பார்த்தார். பாய்லர் எரியவில்லை, முள் பூஜ்யத்தில் கிடந்தது. என்றாலும் வேறெங்கே பார்ப்பது என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவள் கைக்கட்டைப் பார்த்தார்.

"வெயில்ல வந்திருக்கே. உக்காரு" என்றார்.

சாயங்காலம் அவர் நேரத்துக்கு வீடு திரும்பவில்லை. அண்ணி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். கடைசியில் வந்தவர் தனியாக வரவில்லை. கையில் பால், தயிர், ஒரு கட்டுக் கீரை. பின்னால் தலையைக் குனிந்தபடி ரயிலு.

"எந்தப் பால் வாங்கறதுன்னே மறந்துபோச்சு. அதான் இவள கேக்கப் போனேன்" என்றார் அவர்.

ரயிலு செருப்பைக்கூடக் கழற்றாமல் அழ ஆரம்பித்தாள். "அண்ணி, நான் வேணும்னு இழுக்கல அண்ணி."

"வேணும்னு இழுத்திருந்தா நான் மேசைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்திருப்பேன்டி. உன் கை பலம் எனக்குத் தெரியாதா? அழாத. பரண்மேல பால் பாத்திரம் இருக்கு, எறக்கு. உங்கண்ணன் ஏறினா பரணே எறங்கிடும்."

ரயிலு மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஏறினாள். பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவிப் பால் காய்ச்சினாள். அந்த அடுப்பில் பால் பொங்கி எத்தனையோ காலமாயிற்று. வாசனை வீடு முழுக்கப் பரவியது. ஒரு டம்ளரில் ஊற்றி அண்ணியிடம் நீட்டினாள்.

அண்ணி வாங்கவில்லை. "அவருக்கு?"

"எனக்கெதுக்கு? நீ குடி" என்றார் அவர் அவசரமாக.

"நம்ம வீட்ல ஒரு சட்டிதான். எனக்கு மட்டும்னா எனக்கு வேணாம்."

"சின்னப் புள்ள மாதிரி பண்ணாத."

"டாக்டரு உங்களுக்கும் சேத்துத்தான் சொன்னாங்க. தண்ணியும் குடிக்கச் சொன்னாங்க. அந்த அழுத்தமானிய ஃபிட்டர் ரெண்டு நிமிஷம் பாத்தா அவன் கண்ணு ஒண்ணும் அவிஞ்சு போயிடாது."

ரயிலு இன்னொரு டம்ளரில் ஊற்றி அண்ணன் முன்னால் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். வெந்நீரோடும் தீயோடும் புழங்குகிற மனிதர். அவர் டம்ளரை எடுப்பதும் வைப்பதுமாக இருந்ததை இருவரும் பார்த்தார்கள். பார்க்காத மாதிரி இருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு மருந்து குடிப்பதுபோலக் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்ன பண்ணுது?" என்றாள் அண்ணி.

"பேசாதிரு. பாக்கறேன்."

கொஞ்ச நேரம் மூன்று பேரும் பாய்லர் சத்தம் கேட்பதுபோல அவர் இடுப்பைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். "ஒண்ணும் பண்ணல" என்றார் கடைசியில். "சக்கரை பத்தல."

அண்ணி சிரித்துக்கொண்டே தன் டம்ளரை எடுத்தாள். மறுநாள் அலமாரியில் கல் இருந்த குப்பிக்குப் பக்கத்தில் அந்த அமுங்கின குழாய்த் துண்டும் வந்து உட்கார்ந்திருந்தது. அதற்கப்புறம் வீட்டுக்கு வருகிறவர்கள் இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தாக வேண்டியிருந்தது. கதையும் இரண்டு மடங்கு நீளமாயிற்று.

கட்டுப் பிரித்தார்கள். பரிசோதனையில் டாக்டரம்மா சந்தேகப்பட்டது சரிதான் என்று தெரிந்தது. மருந்து எழுதிக்கொடுத்தாள், எலும்பு ஒரே நாளில் தேறாது, விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாள். அண்ணி கூடத்துக்குத் திரும்பி முதலில் தலையணை உறை மடித்தாள், பிறகு துண்டு மடித்தாள். மத்தியானம் தயிரோடு உட்கார்ந்தாள். கறைக்காரியும் சளி சளி என்று சொல்லிக்கொண்டே ஒரு கரண்டி போட்டுக்கொண்டாள்.

விரிப்புக்கு வரலாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்று, ரயிலு எதிர்முனையைப் பிடித்துக்கொண்டு இழுக்காமல் நின்றாள். விரிப்பு இரண்டு பேருக்கும் நடுவில் தொட்டில் மாதிரி தொங்கியது. கூடத்தில் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்ப்பதுபோல இந்தப் பக்கம் பார்த்தார்கள். பாய்லர் அறை வாசலில் அவர் கையில் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தார்.

"இழுடி" என்றாள் அண்ணி.

"இப்படியே மடிச்சிடலாம் அண்ணி. யார் பாக்கப் போறாங்க?"

"ஓரம் நேரா வராது. இழு."

"மெதுவாம்மா" என்றார் அவர் வாசலிலிருந்து.

"நீங்க போய் உங்க முள்ளப் பாருங்க." அண்ணி காலை அகட்டி வைத்துப் பின்னால் சாய்ந்தாள். "ரயிலு, வாய் மட்டும்தான் ஓடுமா உனக்கு? கையில ஒண்ணும் இல்லையா?"

ரயிலுக்குச் சுருக்கென்றது. இழுத்தாள்.

'பட்.'

அண்ணி தன் மணிக்கட்டைப் பார்த்தாள். கூடமே அதைப் பார்த்தது. அவள் விரல்களை ஒருதரம் விரித்து மூடினாள்.

"ம், அடுத்தத எடு" என்றாள்.